ஏரிக்கும் எஸ்டேட்டுக்கும் எந்தக் கணக்கெடுப்பு? ஐந்து வழிகள், ஒரு ஒப்பீடு

இந்த வருஷம் மூன்று பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைக் கேட்டார்கள்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர் முதல் ஆள். "ராத்திரியில் காட்டெருமை உள்ளே வருகிறது. வேலி போடுவதற்கு முன்னால் எத்தனை வருகிறது என்று தெரியணும். பத்து கேமரா வாங்கிவிடட்டுமா?" இரண்டாவது, சேலத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆசிரியை. "பக்கத்து ஏரியில் மாணவிகளை வைத்து ஒரு ஆய்வு தொடங்கலாம் என்றிருக்கிறேன் சார். துறையில் 50,000 ரூபாய் தருவார்கள். தண்ணீரில் டிஎன்ஏ பார்ப்பது நல்லதா, ஒலிப்பதிவுக் கருவி நல்லதா?" மூன்றாவது, கொளத்தூர்ப் பக்கம் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசல் ஓட்டி மீன் பிடிக்கிற குடும்பத்துப் பையன். "எங்கப்பா காலத்து மீனெல்லாம் இப்போ வலையில் விழறதில்லண்ணா. சொன்னா யாரும் நம்பறதில்ல. எப்படி நிரூபிக்கிறது?"

மூன்றாவது ஆள்தான் சரியாகக் கேட்டவர். அவரிடம் கேள்வி இருந்தது, கருவி இல்லை. மற்ற இருவரும் கடையிலிருந்து தொடங்கிவிட்டார்கள்.

வழி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டளவில் ஒரு பெரிய பாடம் உண்டு. பல வருஷம் நம் நாட்டில் புலிகளைக் கால் தடத்தை வைத்துத்தான் எண்ணினார்கள். தடத்தின் மேல் கண்ணாடி வைத்து வரைந்து, இது இந்தப் புலி, அது அந்தப் புலி என்று பிரிப்பார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவிலும் அந்தக் கணக்கில் புலிகள் இருந்துகொண்டே இருந்தன. 2004-05இல் பார்த்தால் காட்டில் ஒன்றுகூட இல்லை. வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கேமராவும் புள்ளியியலும் சேர்ந்த முறைக்கு நாடு மாறியது.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

விலையை வைத்து மட்டும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. நான் பார்ப்பது இவற்றை:

முதலாவது, இந்தக் கணக்கு வந்தால் நீங்கள் எதை மாற்றப் போகிறீர்கள்? வேலி எங்கே போடுவது என்றா, எந்த மாதம் வலை போடக் கூடாது என்றா, ஏரியில் மண் எடுப்பதைத் தள்ளிப்போடச் சொல்லவா? பதில் இல்லையென்றால் இப்போதைக்குப் பணத்தை வெளியே எடுக்க வேண்டாம்.

இரண்டாவது, மணிநேரம். கருவி வாங்குகிறவர்கள் எல்லோரும் மறந்துவிடுவது இதைத்தான். கருவி தகவலைச் சேகரிக்கும். அதை உட்கார்ந்து பார்ப்பது யார்?

மூன்றாவது, அடுத்த வருஷம் இதே மாதம், இதே இடத்தில், இதே முறையில் இன்னொருவர் செய்ய முடியுமா? ஒரு வருஷத்துக் கணக்கு தனியாக நின்றால் அதற்குப் பெயர் பட்டியல், அவ்வளவுதான். கூடியதா குறைந்ததா என்று சொல்ல இன்னொரு வருஷம் வேண்டும்.

நான்காவது, பூஜ்யம். ஒன்றும் தென்படாத நாளை அந்த முறை பதிவு செய்கிறதா? இதைப் பின்னால் விளக்குகிறேன்.

அப்புறம் அனுமதி. சேர்வராயன் மலையில் எஸ்டேட்டும் காப்புக்காடும் பின்னிக் கிடக்கின்றன. உங்கள் கடைசி வரிசை சில்வர் ஓக் மரத்துக்கு அந்தப் பக்கம் வனத்துறை நிலமாக இருக்கலாம். அங்கே கருவி கட்ட வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பறவையோ மிருகமோ, பிடித்துக் கையாளுவது என்றால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். ஏரி என்றால் அது யார் கையில் இருக்கிறது, மீன் குத்தகை யாருக்கு என்று முதலில் விசாரியுங்கள்.

## 1. நடந்துபோய் எண்ணுவது

காலை ஆறரைக்கு நோட்டும் பைனாகுலரும். குறித்த இடத்தில் நின்று 15 நிமிஷம் பார்த்ததையும் கேட்டதையும் எழுதுவது, அடுத்த இடத்துக்குப் போவது. இவ்வளவுதான் முறை. கேட்கிறவர்களுக்கு இது ஆய்வாகவே தோன்றுவதில்லை. ஆனால் உலகம் முழுக்கப் பறவைகளின் ஏற்ற இறக்கம் பற்றித் தெரிந்ததில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 1987 முதல் ஜனவரிதோறும் நடக்கிறது. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் ஒரு பறவைக் கணக்கெடுப்பு உண்டு. 2002இல் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தொடங்கிய இ-பேர்ட் இணையதளத்தில் பார்த்த பறவைப் பட்டியலைப் போட்டால் அது அப்படியே பொதுத் தரவில் சேர்ந்துவிடும்.

ஏரிக்கு இதை மிஞ்சிய முறை கிடையாது. முக்குளிப்பான், நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் எல்லாம் வெட்டவெளியில் இருப்பவை. சேலத்து மூக்கனேரி மாதிரி நடுவில் மண்திட்டுகள் உள்ள ஏரியில் மாலையில் வந்து அடைகிற கூட்டத்தை இரண்டு பேர் ஒரு பக்கமாக உட்கார்ந்து எண்ணிவிடலாம்.

மலையில் கதை வேறு. சீகாரப் பூங்குருவி ஓடைக்குள் சீட்டியடிக்கும், கண்ணில் படாது. காதால் பறவையை அடையாளம் காணப் பழக இரண்டு குளிர்காலமாவது ஆகும். பழகாதவரையும் பழகியவரையும் மாற்றி மாற்றி அனுப்பினால், பறவை குறைந்ததா காது குறைந்ததா என்று பிரிக்க முடியாமல் போகும்.

கைக்காசு குறைவு. இரண்டு நல்ல 8x42 பைனாகுலர், ஒரு கள வழிகாட்டி. மறைந்திருக்கிற செலவு ஆள். கல்லூரி என்றால் மூன்றாம் வருஷம் முடிந்ததும் பழகிய காது வீட்டுக்குப் போய்விடும். அதனால் இரண்டாம் வருஷத்து மாணவி முதல் வருஷத்து மாணவியைக் கூட்டிக்கொண்டு போவது என்று விதியே போட்டுவிட வேண்டும். ஆசிரியருக்கு மாற்றல் வந்தாலும் நோட்டு தங்கும்.

## 2. கேமரா

எல்லோருக்கும் ஆசை இதன்மேல்தான். எனக்கும் இருந்தது.

முதல் முறை நான் கேமரா கட்டியது மலையில் ஒரு மிளகுக்கொடி ஏறிய மரத்தில், இடுப்பு உயரத்தில், கிழக்குப் பார்த்து. மூன்று வாரம் கழித்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய்க் கழற்றினேன். மெமரி கார்டு நான்காம் நாளே நிறைந்திருந்தது. முக்கால்வாசிப் படத்தில் ஒரே ஒரு புல், காலை வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது. மிச்சத்தில் பனிமூட்டம், வெறும் வெள்ளை. கடைசியில் ஒரே ஒரு படத்தில் ஈரமான கறுப்பு மூக்கு, ஃபோகஸ் இல்லாமல். காட்டெருமை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. பெட்டிக்குள் எறும்பு முட்டை வைத்திருந்தது.

தப்பு கேமராவுடையது இல்லை. இந்தக் கருவி வெப்பம் நகர்வதைப் பார்த்துத்தான் சுடும். வெயிலில் சூடான இலை ஆடினாலும் அதற்கு மிருகம்தான். எதிர்ப்பக்கமும் உண்டு: சேலம் சமவெளியில் சித்திரை மத்தியானம் சுற்றுப்புறச் சூடு மிருகத்தின் உடம்புச் சூட்டை நெருங்கும்போது, எதிரே நடந்துபோகிற மிருகத்தையே விட்டுவிடும். வடக்கோ தெற்கோ பார்த்து, முழங்கால் உயரத்தில், முன்னால் இரண்டு மூன்று மீட்டருக்குப் புல்லை அறுத்துவிட்டுக் கட்டினால் பாதித் தொல்லை போகும். பனிமூட்ட மாதங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலம் உள்ளே வைப்பதையும் மறக்க வேண்டாம்.

மணிநேரத்துக்கு வருவோம். 2018ஆம் வருஷத்துப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். வந்த படம் சுமார் 3.48 கோடி. அதில் புலி இருந்தது 76,651இல். ஆயிரம் படத்துக்கு இரண்டைத் தாண்டிக் கொஞ்சம். மிச்சம் எல்லாவற்றையும் யாரோ, ஏதோ ஒரு மென்பொருளோ, பார்த்துத் தள்ளியாக வேண்டும். உங்களுக்கு 20,000 படம் வந்தால், ஒன்றுக்கு இரண்டே விநாடி என்றாலும் 11 மணி நேரம் திரை முன்னால். வெற்றுப் படத்தைக் கழித்துத் தர மெகாடிடெக்டர் மாதிரி மென்பொருள் இருக்கிறது, வேலையைக் குறைக்கும். ஆனால் மரநாயா புனுகுப்பூனையா என்று அது தீர்த்து வைக்காது.

இரண்டாவது சிக்கல்தான் எஸ்டேட்காரருக்கு முக்கியம். சிறுத்தையின் புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி, அதனால் படத்தை வைத்து ஆள் ஆளாகப் பிரித்து எண்ண முடியும். காட்டெருமைக்கு அது கிடையாது. (ஏற்காட்டில் எல்லோரும் காட்டெருமை என்றுதான் சொல்கிறோம். இனத்தில் அது மாடு, எருமை இல்லை.) கொம்பு வளைவையும் வடுவையும் வைத்து ஓரிரு கிழட்டுக் காளையைப் பிரிக்கலாம். மற்றபடி ஐந்து கேமராவில் ஐந்து படம் என்றால், ஐந்து மாடாகவும் இருக்கலாம், ஒரே மாடு ஐந்து முறை நடந்ததாகவும் இருக்கலாம். "எத்தனை" என்ற கேள்விக்குக் கேமரா நேரடியாகப் பதில் சொல்லாது. "எங்கே, எத்தனை மணிக்கு, எந்த மாதம்" என்பதற்குச் சொல்லும்.

"இல்லை" என்று சொல்வதற்கும் பொறுமை வேண்டும். ஓர் இரவில் ஒரு மிருகம் கேமராவில் விழ ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வையுங்கள். அது அங்கே இருந்தும் பத்து இரவு தொடர்ந்து தப்பிவிட நூற்றுக்குப் பதினொன்று வரை வாய்ப்பு உண்டு. இருபது இரவு வைத்தால் அது நூற்றுக்கு ஒன்றாகிவிடும். ஒரு வாரம் வைத்துவிட்டு "எங்கள் தோட்டத்தில் முள்ளம்பன்றி இல்லை" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

கடைசியாக, யாரும் கணக்கில் எழுதாத செலவு. காபிப் பழம் பறிக்கிற மாதங்களில் தோட்டம் முழுக்க ஆட்கள், பாதிக்கு மேல் பெண்கள். ஒரு தோட்டத்தில் சொல்லாமல் கேமரா கட்டிவிட்டார்கள். ஒதுங்கப் போன இடத்தில் ஓர் அக்கா அதைப் பார்த்துவிட, மறுநாள் பறிப்புக்கு ஆளே வரவில்லை. நியாயமான கோபம். எங்கே கட்டுகிறோம் என்பதை முன்கூட்டியே காட்டி, மனிதர் படம் வந்தால் அன்றே அழித்துவிடுவதாகச் சொல்லி, முடிந்தால் பறிப்பு முடிந்தபிறகு கட்டுங்கள். இன்னொன்று: அழுங்கு (எறும்புத்தின்னி) மாதிரி கடத்தல் ஆபத்துள்ள பிராணி கேமராவில் விழுந்தால், இடம் தெரிகிற மாதிரி படத்தை வாட்ஸப்பில் சுற்றவிடாதீர்கள்.

விலை பத்தாயிரத்திலிருந்து நாற்பதாயிரம், அதற்கு மேலும். திருட்டும் உண்டு.

## 3. ஒலிப்பதிவுக் கருவி

ஆடியோமாத் என்று உள்ளங்கை அளவு கருவி ஒன்று சில வருஷங்களாகக் கிடைக்கிறது. மூன்று ஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு. பத்து நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் பதிவு செய் என்று சொல்லி மரத்தில் கட்டிவிட்டால் அது பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும். கேமராவை விட மலிவு, ஆள் முகம் விழாது. (பேச்சு விழும். அதையும் ஆட்களிடம் சொல்லியாக வேண்டும்.)

இதன் பலம் இருட்டில்தான். ஆந்தை, பக்கி, தவளை. ஆறுமணிக் குருவி என்று பெயர் வாங்கிய தோட்டக்கள்ளன் குளிர்காலத்தில் இங்கே வந்து காலையும் மாலையும் சில நிமிஷம் மட்டும் கத்திவிட்டு நாள் முழுக்கச் சருகுக்குள் இருக்கும். அது எந்தத் தேதியில் மலைக்கு வந்தது, எப்போது திரும்பியது என்று அறிய, மரத்தில் தொங்கும் ஒரு காதுக்கு ஈடாக எந்த மனிதரும் தினம் தினம் போய் நிற்க முடியாது.

நிமிஷக் கணக்கைப் பாருங்கள். பத்துக்கு ஒரு நிமிஷம் என்றால் நாளைக்கு 144 நிமிஷம். சாதாரணத் தரத்தில் முக்கால் ஜிபிக்குக் கொஞ்சம் மேல், மாதத்துக்கு 25 ஜிபி. 32 ஜிபி கார்டு போதும். ஆனால் அதைக் காதால் கேட்டு முடிக்க 72 மணி நேரம். பேர்ட்நெட் என்கிற மென்பொருள் கேட்டுத் தரும், தவறாகவும் சொல்லும். லாரி ஹாரன், சிள்வண்டு, மழை எல்லாவற்றுக்கும் அது ஏதாவது ஒரு பறவைப் பெயர் வைத்திருக்கிறது. ஒவ்வொரு இனத்துக்கும் சில பத்துப் பதிவையாவது தெரிந்தவர் கேட்டுச் சரிபார்க்காமல் பட்டியலை வெளியே விடக் கூடாது. எத்தனை பறவை என்பதையும் இது சொல்லாது: ஒரே சின்னான் விடிய விடியக் கத்தினால் நூறு பதிவு.

## 4. மீன்: வலையும் கரையும்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். காட்டு மிருகத்துக்குக் கிடைக்கிற கவனத்தில் கால்வாசி கூட நம் ஆற்று மீனுக்குக் கிடைப்பதில்லை.

சின்ன ஏரி என்றால் எண்ணிக்கையே கிடைக்கும். டென்மார்க்கின் பீட்டர்சன் 1896 வாக்கில் வகுத்த கணக்கு. நூறு மீன் பிடித்து, துடுப்பின் ஓரத்தில் சின்னதாகக் கத்தரித்து விடுங்கள். ஒரு வாரம் கழித்து 80 பிடித்ததில் 8 மட்டும் கத்தரித்த மீன் என்றால், பத்தில் ஒன்று. அப்படியானால் ஏரியில் சுமார் ஆயிரம். ஆனால் நடுவில் மீன் சாகவோ வெளியே போகவோ கூடாது. மழை பெய்து ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால் உங்கள் குறியிட்ட மீனும் கோடி போய்விட்டது, கணக்கைத் தலைமுழுகிவிடலாம்.

மேட்டூர் மாதிரி இடத்தில் இதை நினைத்தே பார்க்க வேண்டாம். 1934இல் கட்டி முடித்த அணை, 120 அடி நிறைந்தால் தண்ணீர் 150 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிற்கும். அங்கே செய்யக்கூடியது, இத்தனை வலை, இத்தனை மணி நேரம், இத்தனை கிலோ என்று கணக்கு வைப்பது. ரங்கூன் வலை பத்துத் துண்டு, ஒரு ராத்திரி, ஏழு கிலோ. துண்டுக்கு 700 கிராம். மீன் குறைந்தால் இந்த எண் குறையும். எளிமையான விஷயம்தான், ஓட்டைதான் நிறைய.

முதல் ஓட்டை தண்ணீர் மட்டம். வறட்சியில் மட்டம் இறங்கிப் பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி தலை தெரிகிற காலத்தில், இருக்கிற மீனெல்லாம் சின்ன இடத்துக்குள் ஒதுங்கும். வலைக்கு மீன் கூடும். நோட்டை மட்டும் பார்த்தால் மீன் பெருகிவிட்டது என்று தோன்றும். அதனால் மட்டத்தை எழுதாத மீன் கணக்கு மேட்டூரில் செல்லாது.

இரண்டாவது வலை. கண்ணி அளவு மாறினால் விழுகிற மீன் மாறும். அப்பா போட்ட வலையும் மகன் போடும் வலையும் ஒன்றில்லை என்றால் இரண்டு தலைமுறையை நேராக ஒப்பிட முடியாது.

மூன்றாவது வளர்ப்பு மீன். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள். ஆகவே ரோகு கூடியது என்றால் குஞ்சு விட்டது தெரிகிறது. ஆறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஜிலேபி மீன் நம் நாட்டுக்கு வந்ததே 1952இல்தான். காவிரியின் சொந்த மீனையும் வந்து சேர்ந்த மீனையும் தனித்தனிப் பத்தியில் எழுதாவிட்டால் மொத்த எடை எதையும் சொல்லாது.

நான்காவதுதான் நான் நேரில் பார்த்து அசந்துபோனது. ஒருநாள் விடியலில் கரையில் உட்கார்ந்து, வருகிற பரிசலை எல்லாம் எடை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்தார். பரிசலைக் கரையில் கவிழ்ப்பதற்கு முன் கையளவு சின்ன மீனைப் பொறுக்கி ஒரு மஞ்சப்பையில் போட்டார். "அது என்னங்கய்யா?" "இது வீட்டுக் குழம்புக்கு, இதுக்கெல்லாம் எடை எதுக்கு?" வாங்கிக் கொட்டிப் பார்த்தேன். ஆரல், உளுவை, குட்டிக் கெளுத்தி, சின்னக் கெண்டை வகை மூன்று. அன்று தராசில் ஏறியதெல்லாம் கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும். நான் தேடிப்போன சொந்த மீன் பூராவும் மஞ்சப்பையில் இருந்தது. அதற்கு முந்தைய பதினைந்து நாள் நோட்டை என்ன செய்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பூஜ்யம் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஒன்றும் கிடைக்காத நாளில் மீனவர் எடை போடுகிற இடத்துக்கு வரமாட்டார், நேரே வீட்டுக்குப் போவார். நீங்கள் கரையில் இருந்து எழுதினால் கிடைத்த நாள் மட்டும் நோட்டில் ஏறும். மீன் பாதியாகக் குறைந்தாலும் சராசரி அப்படியே நிற்கும். இதற்கு ஒரே வழி, நாலைந்து குடும்பம் தாங்களே நோட்டு வைத்து, வெறுங்கையோடு வந்த நாளிலும் "வலை பத்து, மீன் இல்லை" என்று எழுதுவது.

சேலம் மார்க்கெட்டில் போய் எண்ணலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஆந்திரத்துக் குளத்து ரோகுவும் அங்கேதான் வந்து இறங்குகிறது.

செலவு: ஒரு தராசு, அளவுகோல் ஒட்டிய பலகை, கைபேசி. மறைந்த செலவு நம்பிக்கை. எத்தனை கிலோ பிடிக்கிறார் என்பது ஒருவருடைய வருமானக் கணக்கு. அது யார் கைக்குப் போகும் என்று முதல் நாளே பேசித் தீர்க்காமல் நோட்டைக் கொடுக்காதீர்கள்.

## 5. தண்ணீரில் டிஎன்ஏ

மீன் உதிர்க்கிற சளி, செதில், கழிவு எல்லாம் தண்ணீரில் கரைந்து கிடக்கும். ஓரிரு லிட்டரை வடிகட்டி, வடிதாளில் தங்கிய டிஎன்ஏவைப் படித்து எந்தெந்த மீன் என்று சொல்வது. மீனுக்கென்றே 2015இல் ஜப்பானில் உருவான ஒரு முறை உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஹைதராபாத்தில் லேக்கோன்ஸ் ஆய்வகம் இந்தத் துறையில் வேலை செய்கிறது. வலையில் விழாத அரிய மீன், ஆழத்து மீன், புதிதாக நுழைந்த அந்நிய மீன் இவற்றைத் தேட நல்ல வழி.

ஊர் ஏரிக்கு? எனக்குத் தயக்கம். கலங்கல் தண்ணீரில் வடிதாள் கால் லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஆயிரக்கணக்கில் ஆய்வகச் செலவு. எத்தனை மீன், எந்த அளவு என்று தெரியாது. நம் சின்ன மீன்களில் பலவற்றின் டிஎன்ஏ ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியலில் இல்லையென்றால் பெயரும் வராது. இதெல்லாம் போக, ஏரியில் ஊர்ச் சாக்கடை கலந்தால் சமையலறைக் கழுவுநீரும் அதில்தான். சேலத்து ஏரியில் வஞ்சிரம் இருக்கிறது என்று அறிக்கை வந்தால் யார் வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்று தேட வேண்டியதுதான்.

## ஒரே பார்வையில்

| வழி | நன்றாகச் சொல்வது | சொல்லாதது | கைக்காசு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| நடந்து எண்ணுதல் | ஏரிப் பறவை, பருவ மாற்றம் | இரவு மிருகம் | குறைவு | பழகிய கண், காது |
| கேமரா | எங்கே, எத்தனை மணிக்கு | புள்ளி, வரி இல்லாத மிருகத்தின் எண்ணிக்கை | அதிகம் | படம் பார்க்கும் நேரம், ஆட்களின் தனிமை, திருட்டு |
| ஒலிப்பதிவு | இரவுப் பறவை, தவளை, வந்துபோகும் தேதி | எண்ணிக்கை, குரல் இல்லாத பிராணி | நடுத்தரம் | சரிபார்க்கும் காது |
| வலையும் கரையும் | மீன் வகை, அளவு, வருஷ ஏற்ற இறக்கம் | வலையில் விழாத மீன் | மிகக் குறைவு | நம்பிக்கை, தினசரி ஒழுங்கு |
| தண்ணீர் டிஎன்ஏ | அரிய மீன் இருக்கிறதா | எத்தனை, எந்த அளவு | மாதிரிக்கு மாதிரி | ஆய்வகம், கலப்படத் தடயம் |

## சரி, அந்த மூன்று பேருக்கு?

எஸ்டேட்காரருக்குப் பத்து கேமரா வேண்டாம். வேலிக்கு அவருக்குத் தேவை எண்ணிக்கை இல்லை, நுழைகிற வழி. எல்லையைத் தினம் சுற்றிவருகிற ஆளிடம் ஒரு தோட்ட வரைபடத்தின் நகல் கட்டைக் கொடுத்து, புதிய குளம்புத் தடமும் சாணமும் கண்ட இடத்தில் தேதியோடு புள்ளி வைக்கச் சொன்னேன். காணாத நாளும் ஒரு தாள். மூன்று மாதத்தில் புள்ளி மூன்று நான்கு இடத்தில் குவியும். அங்கே மட்டும் இரண்டு கேமரா, பறிப்பு முடிந்தபிறகு, ஒரு மாதம். மணிக்கணக்கு தெரிந்துவிடும். அதுவே சிறுத்தை எத்தனை என்று கேட்டிருந்தால் பதில் மாறியிருக்கும்: பாதைக்கு இருபுறமும் ஜோடி ஜோடியாகக் கேமரா, அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் வனத்துறையும் சேர்ந்து. தனி ஆள் வேலை இல்லை அது.

ஆசிரியைக்கு, நடந்து எண்ணுவது. ஏரிக்கரையில் நான்கு இடம், மாதம் இரண்டு காலை, இ-பேர்டில் பதிவு. 50,000 ரூபாயில் இரண்டு பைனாகுலரும் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (முக்காலியில் வைத்துப் பார்க்கிற தொலைநோக்கி). தூரத்து வாத்துக் கூட்டத்தை ஸ்கோப் இல்லாமல் எண்ணினால் ஊகம்தான். டிஎன்ஏ ஆசையை அவர் விடவில்லை. விடவும் வேண்டாம். மூன்று வருஷத்துப் பட்டியல் கையில் இருந்தால், ஒரு ஆய்வகத்தோடு சேர்ந்து ஒரே ஒரு கேள்விக்கு, உதாரணமாக ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்த ஏரிக்குள் வந்துவிட்டதா என்று, நாலைந்து மாதிரி அனுப்பலாம். ஒலிப்பதிவுக் கருவி ஏரிக்கு வீண். மலைமேல் அவர்கள் ஒரு முகாம் போட்டால் அப்போது கேட்கட்டும்.

கொளத்தூர்த் தம்பிக்கு அப்பா காலத்தை நிரூபிக்க முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். முகம் விழுந்துவிட்டது. பெரியவர்கள் பெயர் பெயராகச் சொல்கிற மீனை எழுதி வைக்கலாம், பழைய வலை யாரிடமாவது மூலையில் கிடந்தால் அதே கண்ணி அளவில் மாதம் ஒரு ராத்திரி போட்டுப் பார்க்கலாம். அது அப்பா காலத்துக்கு ஒரு சின்ன ஜன்னல். மற்றபடி கணக்கு இன்றைக்குத்தான் தொடங்கும். ஐந்து குடும்பம் சேர்ந்திருக்கிறது. நோட்டில் ஏழு பத்தி: தேதி, மட்டம், வலைத் துண்டு, மணி நேரம், வளர்ப்பு மீன், சொந்த மீன், மஞ்சப்பை. மட்டத்தைக் காலைப் பேப்பர் பார்த்து எழுதுவது அவன் தங்கை பொறுப்பு. போன வாரம் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். ஆறு வரியில் இரண்டில் "மீன் இல்லை".